யார் காலிலும் விழாத சேலை

அஞ்சலை மதினி என் இடுப்பில் முழங்காலை ஊன்றிக்கொண்டு சேலைக் கொசுவத்தை இழுத்துச் செருகினார். எனக்கு மூச்சு ஒருமுறை நின்று, யோசித்து, மறுபடியும் வந்தது.

"வயித்த எக்குடா."

"எக்கித்தான் மதினி இருக்கேன். இதுக்கு மேல எக்கினா முதுகுப் பக்கம் வந்துரும்."

"வாய மூடு. பேசப் பேச மாவு உதிருது."

உண்மைதான். அரிதாரம் கிடைக்காத காலம் அது. மரவள்ளிக்கிழங்கு மாவைக் குழைத்து, கொஞ்சம் செங்கல் தூளைக் கலந்து என் முகத்தில் அப்பியிருந்தார்கள். வெயிலில் அது காய்ந்து வெடித்திருந்தது. சிரித்தால் கன்னம் உதிரும், அழுதால் கஞ்சியாகும். தலையில் கரியில் தோய்த்த தேங்காய் நார்க் கொண்டை. மார்புக்கு, ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் பீங்கான் மங்குகள் இரண்டைக் கவிழ்த்துக் கட்டியிருந்தேன். வெயில் ஏற ஏற அவையும் சூடேறிக்கொண்டிருந்தன. 'என் நெஞ்சு கொதிக்கிறதே' என்று ராணிக்கு ஒரு வசனம் உண்டு. அதைச் சொல்ல எனக்கு நடிப்பே தேவைப்படவில்லை.

என் மேல் இருந்ததிலேயே மெய்யான பொருள் அந்தச் சேலை ஒன்றுதான். அரக்கு நிறக் கூரைச் சேலை. மதினி தன் கல்யாணத்தில் கட்டியது.

செருகி முடித்ததும் மதினி எதிரே வந்து நின்று என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

"நல்லாக் கேட்டுக்க, தங்கராசு. இந்தச் சேலை அந்த ஆளு கால்ல விழக்கூடாது. விழுந்துச்சு, எந் தங்கச்சிய நீ மறந்துர வேண்டியதுதான்."

"சரி மதினி," என்றேன்.

நாங்கள் நின்றது ரப்பர் சீட்டு காயப்போடும் புகைக்கூடத்தின் பின்பக்கம். அதே புகைக்கூடத்தின் முன்பக்கம், சற்று நேரத்துக்கு முன்னால், 'அந்த ஆள்' என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போயிருந்தார். அவர் மதினியின் புருஷன் வைரக்கண்ணு. எங்கள் தோட்டத்து மண்டோர். வேலையாட்களை விரட்டி வேலை வாங்குகிறவர். நாடகத்தில் ராஜா. கரித்துண்டால் மீசையைக் காதுவரை இழுத்து வரைந்திருந்தார்.

"கடைசி சீன்ல நெடுஞ்சாண்கிடையா விழணும்டா. சும்மா முட்டி போட்டு ஏமாத்தக் கூடாது. மூக்கு மண்ணுல படணும். படலன்னு வையி, எங் கொழுந்தியா உனக்கில்ல."

"சரிண்ணே," என்று அவருக்கும் சொல்லியிருந்தேன்.

இருவருக்கும் சரி சொன்னவன் அடுத்த நிமிடம் மேடை ஏற வேண்டும். இந்த இக்கட்டுக்குள் நான் எப்படிப் போய் விழுந்தேன் என்பதைச் சொன்னால்தான் என் புத்திசாலித்தனத்தின் முழு அளவு உங்களுக்குப் பிடிபடும்.

லோரி கொண்டுவந்த காதல்

ஜப்பான்காரன் காலம். மலாயாவில் லாபு பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரத் துரை ஒரு நாள் காலையில் காரில் ஏறிப் போனவர் போனவர்தான். பால்மரங்கள் வெட்டுவாரில்லாமல் நின்றன. மரங்களை அழித்த இடத்தில் மரவள்ளி நட்டோம், மரவள்ளியைத் தின்றோம், மேலே சொன்னபடி மரவள்ளியையே முகத்திலும் பூசிக்கொண்டோம்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் லோரி எங்கள் தோட்டத்துக்கு ஒருமுறை வந்து போயிருந்தது. ஏறிப் போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அது மறுபடியும் வரும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். அப்போதுதான் நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. கல்யாணம் ஆகாத கட்டைகளைத்தான் முதலில் ஏற்றுகிறார்களாம். பெண்டாட்டி உள்ளவனை விட்டுவிடுகிறார்களாம். சொன்னது யார், கேட்டது யார் என்று விசாரிக்க எவனுக்கும் பொறுமை இல்லை.

உடனே எங்கள் லயத்தில் காதல் பரவியது, அம்மை பரவுகிற மாதிரி. அதுவரை பெண்கள் இருக்கும் திசையில் எச்சில்கூடத் துப்பாத உத்தமர்கள் எல்லாம் தண்ணீர்க் குழாயடியில் நின்று தலை வாரினார்கள். சீப்பு இல்லாதவன் விரலால் வாரினான். முடி இல்லாத ஒருவன்கூட வாரியதை நான் பார்த்தேன். நானும் வாரினேன்.

நான் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருப்பதால், சயாமில் சாகவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்து போகிறது. ஆகவே அந்தப் பயத்தைக் காட்டி உங்களிடம் பரிதாபம் வாங்க எனக்கு வழியில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அது தெரியாதே. தூரத்தில் மோட்டார் சத்தம் கேட்டாலே மரவள்ளிக் காட்டுக்குள் ஓடிப் படுத்துக்கொள்வேன்.

என் காதல் போய் நின்ற வாசல் ராசம்மாவுடையது. அஞ்சலையின் தங்கை. அக்காவைவிடப் பேச்சு குறைவு, பார்வை அதிகம். அந்தப் பார்வையின் எதிரில் பொய் சொன்னால் காது சூடாகும்.

முதல் தடங்கல், முறை. விவரம் தெரிந்த நாளிலிருந்து அஞ்சலையை அக்கா என்றே கூப்பிட்டு வந்தவன் நான். அக்காவின் தங்கையை எப்படிக் கட்டுவது? இரண்டு நாள் யோசித்துக் கண்டுபிடித்தேன். வைரக்கண்ணுவை அண்ணனாக்கிவிட்டால் போதும். அண்ணன் பெண்டாட்டி மதினி. மதினியின் தங்கை கட்டிக்கொள்கிற முறை. ரத்த பந்தம் ஒன்றும் கிடையாது. வாயால் கட்டிய உறவுதானே, வாயாலேயே மாற்றிக் கட்டிக்கொள்ளலாம்.

ஒரு திங்கட்கிழமை காலை, ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில், "மதினி, சொகமா?" என்றேன்.

அவர் தலையிலிருந்த கூடையைக் கீழே இறக்கினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நேத்து வரைக்கும் அக்காடா நானு."

"அண்ணன் பொண்டாட்டி மதினிதானே?"

"அவரு எப்பலேர்ந்து உனக்கு அண்ணன்?"

"மனசுல ரொம்ப நாளா."

"மனசுலயா? லோரி வந்த நாளா?"

பின்னால் நின்ற ராசம்மா சிரிக்கவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

அன்றைக்கே மரவள்ளிக் காட்டில், கிழங்கு பிடுங்கும்போது நேராகக் கேட்டாள். "எனக்காக வர்றியா, லோரிக்காக வர்றியா?"

"சத்தியமா உனக்காகத்தான்."

"இவ்வளவு நாளா நான் எங்க இருந்தேன்? பக்கத்து லயத்துலதானே?"

"கண்ணுக்குத் தெரியல ராசம்மா."

"ஓ. லோரி லைட்டு வெளிச்சத்துல தெரிஞ்சுதாக்கும்."

காது சூடானது. ஆனாலும் அவள் முடியாது என்று சொல்லவில்லை. "அக்காவும் அத்தானும் தட்டுக் குடுக்கட்டும். அப்பப் பாப்போம்," என்று கிழங்கை உதறிக் கூடையில் போட்டாள்.

தட்டைப் பிடிக்கும் நாலு கைகள்

அக்கா தங்கை இருவருக்கும் தாய் தகப்பன் இல்லை. காய்ச்சலில் போய்விட்டார்கள். பெண் கொடுக்க வேண்டியது அக்காவும் அத்தானும்தான். எங்கள் பக்கத்து வழக்கப்படி தாம்பூலத் தட்டைப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து பிடித்துக் கொடுக்க வேண்டும். நாலு கையில் ஒன்று விலகினாலும் அது நிச்சயதார்த்தம் இல்லை, வெறும் வெற்றிலை பாக்கு.

இதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா? வைரக்கண்ணுவும் அஞ்சலையும் சேர்ந்து பிடித்த கடைசிப் பொருள் அவர்கள் கல்யாணத்து மாலையாகத்தான் இருக்கும்.

காலையில் பெரட்டுக் களத்தில் மண்டோர் போடும் சத்தம் பக்கத்துத் தோட்டம்வரை கேட்கும். "எவன்டா அவன், நிமிந்து நில்லுடா!" என்றால் குரங்குகூட மரத்தில் நிமிர்ந்து உட்காரும். அதே மனுஷன் வீட்டுக்குள் நுழையும்போது தொண்டையைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுப் போவார். அங்கே மதினியின் ஆட்சி. குழம்பில் உப்பில்லை என்பதை அவர் சொல்ல மாட்டார். உப்புக் கிடைக்காத காலம் என்பது ஒரு காரணம், மதினி என்பது இன்னொரு காரணம். தோட்டத்து ஆண்கள் எல்லாரும் இதை வைத்து அவரைச் சீண்டுவார்கள். அவரவர் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை மறைக்க அது நல்ல வழி.

ஆகவே, மாரியம்மன் திருவிழாவுக்கு வழக்கம்போல நாடகம் போடலாம் என்று முடிவானதும் ராஜா வேஷத்துக்கு முதலில் கை தூக்கியவர் வைரக்கண்ணு.

"நெசத்துலதான் நடக்கல. நாடகத்துலயாவது ஒருத்தி எங் கால்ல விழட்டுமே," என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அந்த ஒருத்தி நான். அப்போதும் "சரிண்ணே" என்றேன்.

விழுந்த பிறகே மங்களம்

ஸ்திரீபார்ட் எனக்கு வந்ததற்குக் காரணம் என் நடிப்பு இல்லை. மீசை. வளர்ந்திருக்க வேண்டிய வயதில் அது வளரவில்லை. தோட்டத்தில் மற்ற எல்லா இளைஞர்களும் மழிக்க வேண்டியிருந்தது. என்னைத் துடைத்தாலே போதுமானதாக இருந்தது.

பெண் வேஷம் கட்டுகிறவனுக்கு அந்த நாளில் தனி மரியாதை உண்டு, தனி ஆபத்தும் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் தம்பின் பக்கம் ஒரு தோட்டத்தில் இளவரசி வேஷம் கட்டியவரைப் பார்த்துவிட்டு, வெளியூர்க் கங்காணி ஒருவர் தன் மகனுக்குப் பெண் கேட்டு மறுநாளே பழத்தட்டோடு வந்துவிட்டாராம். இளவரசி அப்போது கோவணத்தோடு மாட்டுக் கொட்டகை கூட்டிக்கொண்டிருந்தார். இளவரசிக்கு நாலு பிள்ளைகள். பழத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று கேள்வி.

எங்கள் நாடகத்தின் கதை இதுதான். பெண்கள் மட்டும் ஆளும் ஒரு நாடு. அதன் ராணி ஆண் முகத்தில் விழிப்பதில்லை என்று சபதம் போட்டவள். கோட்டைக்குள் போக அனுமதியுள்ள ஒரே ஆண் வளையல்காரன். ராஜா அந்த வேஷத்தில் உள்ளே போகிறான், கை அளவு பார்க்கிறேன் என்று கையைப் பிடிக்கிறான், மனதைப் பிடிக்கிறான், தாலியும் கட்டிவிடுகிறான். அதன் பிறகு தான் யார் என்று சொல்கிறான். அப்புறம் யார் யாரை ஆள்வது என்று ஒரு பெரிய சண்டை.

மேடை வேடிக்கைகளில் எனக்குத் தெரிந்து ஒரு சட்டம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் ஆண் வேஷம் போடுவான். கல்யாணத்துக்குப் பின்னால் பெண் அதிகாரம் பண்ணுவாள். மங்களம் பாடுவதற்கு முன்னால் அவள் அவன் காலில் விழுவாள். முதல் இரண்டும் வீட்டிலும் நடக்கும். மூன்றாவது மேடையில் மட்டும்தான் நடக்கும். அதைப் பார்க்கத்தான் ஆண்கள் கடைசிவரை உட்கார்ந்திருப்பார்கள்.

ராணிக்குச் சேலை வேண்டுமே! எங்கள் லயத்துப் பெண்கள் சாக்கைப் பிரித்துத் தைத்து இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்த நேரம். கிழியாத சேலை தோட்டம் முழுக்க ஒன்றே ஒன்று, அது அஞ்சலை மதினியின் பெட்டியில். நான் போய்க் கேட்டேன். பெட்டியைத் திறந்து, எடுத்து மடியில் வைத்துத் தடவினார்.

"இதக் கட்டிக்கிட்டு அந்த ஆளு கால்ல ஒரு தடவ விழுந்தேன், தாலி கட்டுன அன்னிக்கு. எந்திரிக்கச் சொல்லுவாருன்னு பாத்தேன். சொல்லல. கூட்டாளிங்களோட பேசிக்கிட்டு நின்னாரு. நானா எந்திரிச்சேன். அன்னிக்கு முடிவு பண்ணேன். நானும் இனிமே விழ மாட்டேன், இதுவும் விழாது."

"சரி மதினி."

எனக்கு யார் எதைச் சொன்னாலும் 'சரி' வந்துவிடும். பிறவியிலேயே அப்படி. இதை ராசம்மாவிடம் சிரிப்பாகச் சொன்னேன். அவள் கொத்திக்கொண்டிருந்த மண்வெட்டியை நிறுத்தினாள்.

"அக்காகிட்டயும் சரி. அத்தான்கிட்டயும் சரி. என்கிட்டயும் சத்தியம் பண்ணியே, அதுவும் இந்த ரகம்தானா?"

"இல்ல ராசம்மா…"

"முன்னாடி வந்து ஒக்காருவேன். உனக்குன்னு ஒரு வார்த்த இருக்கா இல்லையான்னு பாக்கறேன்."

பகல் வெளிச்சத்தில் ராணி

மண்ணெண்ணெய் கிடையாது, ஆகவே நாடகம் பட்டப்பகலில். இரவில் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் ராணியாகத் தெரிகிறவன், மத்தியான வெயிலில் சேலை கட்டிய தங்கராசாகத்தான் தெரிவான். நான் மேடையில் காலை வைத்ததும், "ராணிக்குக் கெண்டைக்கால் பலமா இருக்கு லா!" என்று ஒரு குரல் வந்தது.

முழங்கால் உயர மண்மேடு, அதுதான் மேடை. சாக்குப் படுதா. தாளத்துக்குக் காலி மண்ணெண்ணெய்த் தகரம். கணக்கெழுதும் கிராணியாரின் ஆபீஸ் நாற்காலி சிம்மாசனம். ஓரத்தில் ஜப்பான் அதிகாரி ஒருவர் இடுப்பில் வாளோடு உட்கார்ந்திருந்தார். கூட்டம் சிரிப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டது.

வைரக்கண்ணு பிரமாதமாக நடித்தார். முக்கியமாக வளையல்காரனாக. வளையல் விற்பவர்களின் பாவனையை அப்படியே படித்து வைத்திருந்தார். "வளையலோ… வளையல்!" என்று கூவிக்கொண்டு வருவது, தரையில் சம்மணம் போட்டு மூட்டையை அவிழ்ப்பது, உயரத்தில் இருக்கும் பெண்ணின் கையை வாங்கி, கட்டை விரலை உள்ளே மடக்கி, நோகாமல் ஏற்றுவது எல்லாமே அச்சு. தம்பினில் ஒரு ராவுத்தர் கடையில் மூலையில் கிடந்த ஒரு பிடி கண்ணாடி வளையலைக் கெஞ்சி வாங்கி வந்திருந்தார். கப்பல் நின்றுபோன பிறகு கண்ணாடி வளையலை எவரும் கண்ணால் பார்த்ததில்லை. பெண்கள் வெறுங்கை கூடாதென்று சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிப் போட்டிருந்தார்கள். மூட்டையை அவிழ்த்ததும் முன்வரிசையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அது என் அழகுக்கு இல்லை. அந்தக் காட்சியில் வளையல் போடுகிற பாவனை மட்டும்தான். நிஜமாகப் போட்டால் உடைந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

கடைசிக் காட்சி வந்துவிட்டது. ராஜா சிம்மாசனத்துக்கு முன்னால் எழுந்து நின்று மார்பை விரித்தார்.

"அடி பேதையே! நாடாண்ட செருக்கை விட்டு, நாதன் பாதத்தில் விழு!"

தகரம் முழங்கியது. நான் நின்றேன். மயக்கம் போடலாமா என்று யோசித்தேன். மயங்கி விழுந்தாலும் சேலை அவர் காலில்தான் விழும். பாம்பு என்று கத்தலாமா? அதிகாரி வாளை உருவினால்?

முன்வரிசையில் மதினி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ராசம்மா, கண் இமைக்காமல்.

"விழுடா," என்றார் ராஜா, உதடு அசையாமல்.

"நாதா," என்றேன். "எனக்கு ஒரு சந்தேகம்."

இது நாடகத்தில் இல்லை. தகரம் நின்றது.

"என்ன சந்தேகம்?" இதுவும் நாடகத்தில் இல்லை.

"என் வாசலுக்கு வந்தவர் ராஜா இல்லையே! வளையல்காரர். என் கையைப் பிடித்தவர் அவர்தான். என் மனதைக் கொடுத்ததும் அவருக்குத்தான். தாங்கள் யாரோ, எவரோ, நான் அறியேன். அவரை வரச் சொல்லுங்கள். அவர் சொன்னால் விழுகிறேன்."

வைரக்கண்ணு மனப்பாடம் செய்து நடிப்பவர். பாடத்துக்கு வெளியே தள்ளிவிட்டால் அவரிடம் மண்டோர் பேச்சுத்தான் இருந்தது.

"அவன் எங்கயும் போவலடி! இந்தா இங்கதான் நிக்கிறேன்!"

பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்: "அதெப்படி மண்டோரே? அவ கேக்குறது ஞாயந்தானே! வளையக்காரன வரச் சொல்லு!"

"வரச் சொல்லு! வரச் சொல்லு!" என்று பத்துக் குரல்.

ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு படுதாவுக்குப் பின்னால் போனார். கிரீடத்தை எறிந்து, தலையில் துண்டைச் சுற்றி, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். "வளையலோ… வளையல்!" என்று ஆத்திரமாகக் கூவினார். கூவின வாய்க்குப் பின்னால் உடம்பு பழக்கப்படி போனது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தார்.

நான் சிம்மாசனத்தில் உட்கார்ந்து கையை நீட்டினேன். இதை எல்லாம் முன்கூட்டியே திட்டம் போட்டேன் என்று பல வருஷம் சொல்லித் திரிந்திருக்கிறேன். இல்லை. நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். அவ்வளவுதான்.

முதலில் பெண்கள்தான் கண்டுகொண்டார்கள். சிரிப்பு பின்வரிசையில் தொடங்கி முன்னால் உருண்டு வந்தது. ராணி மேலே, ராஜா அவள் காலடியில். வைரக்கண்ணு என் கையைப் பிடித்துக்கொண்டே தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"நாசமாப் போறவனே," என்றார் மெதுவாக.

எழுந்திருக்கவும் முடியவில்லை அவருக்கு. கோபத்தில் மெய்யாகவே வளையலை ஏற்றியிருந்தார். அது என் விரல் முட்டியில் மாட்டிக்கொண்டு மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றது.

"கட்ட வெரல உள்ள மடக்குடா!"

"சோப்பு போட்டுப் பாரு!"

"சோப்புக்கு எங்கடி போவாரு, தோக்கியோவுக்கா?"

படக்கென்று உடைந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் உடைந்தது. மூன்றாவதைத் தொட்டபோது மதினி எழுந்துவிட்டார்.

"போதும் நிறுத்துங்க! எருமக் கையில போட்டு எல்லாத்தையும் ஒடைக்கிறீங்களே, இருக்கறதே அவ்வளவுதானே! இந்தாங்க."

மேடை ஓரம் வந்து கையை நீட்டினார். டியூப் வளையத்தைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார்.

வைரக்கண்ணு ஒரு கணம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு உட்கார்ந்தபடியே நகர்ந்து ஓரத்துக்கு வந்தார். கையை வாங்கினார். கட்டை விரலை மடக்கினார். ஒரு பச்சை வளையல் உள்ளங்கையைத் தாண்டி வழுக்கி மணிக்கட்டில் உட்கார்ந்தது.

"வலிக்குதா?" என்றார்.

"வளையல் ஒடையாம இருந்தாச் சரி. பாத்துப் போடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரியின் முகத்தைப் பார்க்கவும் யாருக்கும் தோன்றவில்லை. அப்புறம் பின்னாலிருந்து ஒருத்தி, "அண்ணே, எனக்கும் ஒண்ணு!" என்று கத்த, மொத்தப் பெண்களும் மேடைக்கு வந்துவிட்டார்கள். மங்களம் பாடாமலே நாடகம் முடிந்தது. ராணியை எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஒரு மங்கு அவிழ்ந்து என் மடியில் விழுந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

ரப்பர் சீட்டுக்குப் பின்னால்

வேஷம் கலைக்கப் புகைக்கூடத்துக்குள் போனேன். கழியில் தொங்கிய பழைய ரப்பர் சீட்டுகளின் மறைவில் கோவணத்தோடு நின்று மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, மறுபக்கம் ராசம்மாவின் குரல்.

"அக்கா சேலைய வாங்கியாரச் சொல்லிச்சு."

மடித்து, சீட்டுகளுக்கு மேலே நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். போகவில்லை.

"வேஷம் கலைஞ்சிருச்சா?"

"கலைஞ்சிருச்சு."

"அப்ப இப்பச் சொல்லு. எனக்காகவா, லோரிக்காகவா?"

அந்தப் பார்வை சீட்டுக்கு மறுபக்கம் இருந்தும் காது சூடானது.

"லோரிக்காகத்தான்," என்றேன். "பயம் ராசம்மா. ராத்திரி தூங்க முடியல. ஆனா பயந்து ஓடுனவன் உன் வாசலுக்குத்தானே ஓடியாந்தேன். தோட்டத்துல வேற பொண்ணுங்களே இல்லாமயா போனாங்க?"

புகை வாசனைதான் வந்தது.  போய்விட்டாளோ என்று எட்டிப் பார்க்கவும் முடியாத கோலம்.

"இதையே அன்னிக்குச் சொல்லியிருந்தா கெழங்காலயே அடிச்சிருப்பேன்," என்றாள்.

"இன்னிக்கு?"

"இன்னிக்குக் கையில கெழங்கு இல்ல."

மறுநாள் வைரக்கண்ணு என்னைக் கூப்பிட்டு, "பாத்தியாடா, நான் கூப்பிடவேயில்ல, அவளே வந்து கையை நீட்டுனா. சனம் பூரா பாத்துச்சு," என்றார். "சரிண்ணே," என்றேன். மத்தியானம் மதினி கூப்பிட்டு, "பாத்தியா, ஊரு பாக்கத் தரையில ஒக்காந்தாரு," என்றார். "சரி மதினி." அந்த வாரமே தட்டு வந்தது. நாலு கையும் இருந்தன. இரண்டில் வளையல் குலுங்கியது.

கல்யாணத்துக்குப் புதுச் சேலைக்கு எங்கே போவது? அதே அரக்குச் சேலைதான். ராசம்மா கட்டிக்கொண்டு வந்து நின்றபோது இடுப்பில் இன்னும் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தது. பெண்டாட்டிக்கு முன்னால் கூரைச் சேலை கட்டிப் பார்த்த மாப்பிள்ளை உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவள் என் காலில் விழவில்லை. யாரும் விழச் சொல்லவுமில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னை 'நீங்க' என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தாள். மரியாதையாக வேலை வாங்குவது இன்னும் சுலபம் என்று கண்டுபிடித்திருந்தாள்.

அதன் பிறகு கொஞ்ச நாளில் தம்பின் பக்கத்திலிருந்து நடந்து வந்த ஒருவர் சொன்ன சேதி தோட்டம் முழுக்கப் பரவியது. அங்கே லோரியில் புது மாப்பிள்ளைகளையும் ஏற்றுகிறார்கள். பிள்ளை குட்டிக்காரனையும் ஏற்றுகிறார்கள். கல்யாணம் ஆனவனா என்று எவனும் கேட்கவே இல்லையாம்.

நானும் ராசம்மாவும் மரவள்ளிக் குச்சி நட்டுக்கொண்டிருந்தோம். வரிசை கோணாமல் இருக்க இரண்டு முனையிலும் முளை அடித்துக் கயிறு கட்டி, அதை ஒட்டி நடுவது. நான் குழி போட, அவள் குச்சியை ஊன்றி மண்ணை மிதித்துக்கொண்டே வந்தாள்.

"கேட்டீங்களா சேதிய?"

"கேட்டேன்."

"அப்ப நீங்க என்னைக் கட்டிக்கிட்ட காரணம் போச்சு."

எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவன் நான். அன்றைக்கு அடுத்த குழியை மட்டும் போட்டேன். 

"திரும்பிப் போறதுன்னா இப்பவே சொல்லிருங்க," என்றாள், குச்சியைப் பார்த்தபடியே.

"இந்த வரிச முடியட்டும். சொல்றேன்."

 அவள் கடைசிக் குச்சியை ஊன்றி, கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் முளையைப் பிடுங்கினாள். கயிற்றை இழுத்துக்கொண்டு போய் அடுத்த வரிசைக்குக் கட்ட ஆரம்பித்தாள்.